பேசி வாங்கிய ஒரு டாலர்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இருக்கிற காட்டில் மழை பொய்க்கும், பருத்தி பொய்க்கும், கண்மாயில் தண்ணீர் நிற்காமலும் போகும். ஒரே ஒரு வெள்ளாமை மட்டும் எந்த வருஷமும் பொய்த்ததில்லை. அதற்குப் பேர் 'பேசி முடிப்பவர்'. ஊருக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. கொஞ்சம் பெரிய ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர்.

தரகர் என்று நினைத்துவிடாதீர்கள். தரகர் கமிஷன் வாங்குவார். இவர் பத்துக் காசு தொடமாட்டார். தரகர் கூப்பிட்டால் வருவார். இவரைக் கூப்பிடவே வேண்டாம், நீங்கள் கடைக்காரனிடம் "என்ன விலை?" என்று கேட்ட மாத்திரத்தில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "நீ சும்மா இரு, நான் பேசுறேன்." பேசுவார். உங்களுக்கு நாலு ரூபாய் மிச்சமாகும், பஸ் போயிருக்கும். அப்புறம் ஆயுசு முழுக்க அந்த நாலு ரூபாய்க்காக அவரைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் பல்லைக் காட்ட வேண்டும். காசு கேட்கிறவனைக் காசு கொடுத்து அனுப்பிவிடலாம். பேர் கேட்கிறவனை என்ன செய்வீர்கள்?

இந்த இனத்தில் ஓர் உயர்ந்த சாதிக் கிடாய் பாலவனத்தம் உக்கிரபாண்டி. பத்து ஏக்கர் மானாவாரி, அதில் பாதி தரிசு, தோளில் ஒரு சிவப்புத் துண்டு, சட்டைப் பையில் ஒரு பேனா. பேனா எழுதுவதற்கு அல்ல. பேச்சுக்கு நடுவே அதை எடுத்துத் திறந்து, மூடி, மறுபடி பையில் வைத்தால் எதிராளி கலங்கிப் போவான் என்பது அவர் நம்பிக்கை. பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் மல்லாங்கிணறு வரைக்கும் பேசிக்கொண்டே போய், பேச்சு முடிகிறபோது இறங்கிக்கொண்டவர். அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிய டாக்டரம்மாவிடம், "மூணு நாளாக் குறைச்சுப் போடுங்க தாயி" என்று கேட்டவர். குலசாமிக்குக் கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டு, காரியம் ஆனதும் சாமியிடமே பேசிச் சேவலில் முடித்தவர். சாமி எதிர்த்துப் பேசவில்லை, அதனால் அதுவும் வெற்றிக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

வீட்டம்மா முருகலட்சுமிக்கு முப்பது வருஷப் பழக்கம். முழம் இருபது கொடுத்துப் பூ வாங்கிவிட்டு, "பதினஞ்சுக்கு வாங்கினேன்" என்று வீட்டில் சொல்வாள். "பத்துக்குக் கேட்டிருக்கணும்" என்பார் அவர். "மறந்துட்டேன்" என்பாள். இப்படித்தான் அந்த வீட்டில் சமாதானம் நிலவி வந்தது.

இவருக்கென்று சில சாத்திரங்கள் உண்டு. சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டால் சொன்னவனே நம்மை மதிக்கமாட்டான். பேரம் முற்றுகிறபோது ஒரு தடவையாவது எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடுகிற குரலில்தான் உண்மையான விலை இருக்கிறது. எந்தத் தொகையையும் முட்டையில், அதாவது சைபரில், முடிக்கக் கூடாது. மொய் எழுதினாலும் நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று. அந்த ஒன்றில்தான் லட்சுமி உட்கார இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூல சாத்திரம்: எதிராளி எப்போது "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்கிறானோ, அப்போது அவன் நம்மைக் கவிழ்க்கப் போகிறான்.

இந்தச் சாத்திரங்கள் சந்தையில் மாட்டுக்குச் சரியாகவே இருந்தன. குத்துச்சண்டைக்கு எப்படி வந்தன என்றா கேட்கிறீர்கள்?

நரிக்குடிப் பக்கத்தில் சீனிச்சாமி என்று ஒருவர். நாற்பது உருப்படி வைத்திருந்த ஆட்டுக்காரர். உக்கிரபாண்டியின் காட்டில் கிடை போடுவார். ஆடுகளை ராத்திரி காட்டில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்கு நிலக்காரர் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியை வருஷா வருஷம் பேசிப் பேசிக் குறைத்து, கடைசியில், "எங்காட்டுல படுத்துத் தூங்குற ஆட்டுக்கு நீதானப்பா வாடகை தரணும்" என்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார் உக்கிரபாண்டி. அன்றைக்கு சீனிச்சாமி அழாத குறையாக வீட்டுக்குப் போனாலும், மனசுக்குள் ஒரு மரியாதை விழுந்துவிட்டது. அடேயப்பா, இந்த வாய் நம்ம பக்கம் நின்று பேசினால் எப்படி இருக்கும்!

சீனிச்சாமியின் மகள் தங்கமாரி குத்துச்சண்டைக்காரி. ஸ்கூலில் பி.டி. டீச்சர் மாட்டிவிட்ட கையுறையைக் கழற்றவே இல்லை. மதுரையில் பயிற்சி, அப்புறம் வட நாட்டில் முகாம், அப்புறம் காசுக்கு ஆடுகிற சண்டை என்று படிப்படியாக ஏறினாள். அவள் ஒவ்வொரு படி ஏறும்போதும் மந்தையிலிருந்து அஞ்சு ஆடு இறங்கியது. முட்டை, பாதாம், ரயில், ஹாஸ்டல் எல்லாம் ஆடுதான். கடைசிக் கிடாயையும் விற்றுப் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் எடுத்தபிறகு, சீனிச்சாமி அருப்புக்கோட்டையில் ஒரு மில் கேட்டில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தார். வெயிலில் நடந்தே பழகிய மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து காலெல்லாம் நீர் கட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு சண்டைக்கு அழைப்பு வந்தது. எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். டாலர் புழங்குகிற நாடு, அவ்வளவு போதும். தொகை பதினைந்தாயிரம் டாலர். சொசைட்டி லோன், கோச்சு பங்கு, மற்றக் கடன் எல்லாம் போக, நாலு லட்சம் கையில் நிற்கும். தகப்பனும் மகளும் ஒரே வினாடியில் ஒரே கணக்கைப் போட்டார்கள். நாலு லட்சம் என்றால் நாற்பது ஆடு. மந்தை திரும்பி வந்துவிடும்! சீனிச்சாமி அன்று சாயங்காலமே அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ச் சீமைக்கருவேல் முள்ளை வெட்டி, வீட்டுக்குப் பின்னால் வட்டமாக ஆட்டுப்பட்டி கட்டிவிட்டார். உள்ளே ஒரு குட்டி கூட இல்லை. ஆனால் வாசல் படலைத் தினமும் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். உக்கிரபாண்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

சண்டை நடத்துகிற கம்பெனியின் ஆள் மாதவன், மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு நரிக்குடிக்கு வந்திருந்தான். சீனிச்சாமி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, டீ, காரச்சேவு.

"போன்லயே எல்லாம் பேசி முடிச்சாச்சு சார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றான் மாதவன்.

பேசி முடிச்சாச்சா? யாரு பேசியது? உக்கிரபாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இவர் பேசாத பேச்சு எப்படி முடியும்? பேனாவை எடுத்தார், திறந்தார், மூடினார். பிறகு சந்தையில் செய்கிற மாதிரி தோள் துண்டை உதறி மாதவனின் கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, இத்தனை விரல் இத்தனை ஆயிரம் என்று ஊருக்குத் தெரியாமல் விலை பேசுவது மாட்டுச் சந்தை வழக்கம். மாதவனுக்கு அது எங்கே தெரியும்? தனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று நினைத்தான். "எதுக்கு சார் இதெல்லாம்" என்று கூச்சத்தோடு எழுந்து, துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டான்.

முதல் சுற்றிலேயே துண்டு போய்விட்டது. தங்கமாரி சிரிப்பை அடக்க உள்ளே தண்ணீர் எடுக்கப் போனாள்.

"பதினஞ்சுங்கிறது பத்தாது தம்பி. நம்ம பிள்ள அடி எப்படித் தெரியும்ல?"

"தெரியும் சார். ஆனா பதினஞ்சாயிரத்துக்கு மேல போக வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மாதவன் பாவம், நல்ல பையன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே வேண்டாம். உக்கிரபாண்டியின் மீசை விறைத்துக்கொண்டது. வந்துட்டான்யா வழிக்கு!

"மேல போனா வரி சார்..." என்று மாதவன் ஆரம்பித்தான்.

"வரிய எங்களுக்குச் சொல்லித் தராதீக. வீட்டு வரி, தண்ணி வரி எல்லாத்தையும் பேசி முடிச்சவன் நானு."

"இல்ல சார், அந்த ஊர்ல..."

"எந்த ஊரா இருந்தா என்ன? அங்கயும் ஒரு ஆபீஸரு இருப்பாருல்ல? அவரும் மனுசன்தான? பேசிக்கிடலாம்."

சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார். நடந்தார்.

இந்த இனத்தார் செருப்பு மாட்டுகிற அழகைத் தனியாகப் பார்க்க வேண்டும். வலது காலை நுழைத்துவிட்டு இடது காலை நுழைக்க அரை நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள். அந்த அரை நிமிஷம் எதிராளி கூப்பிடுவதற்காக விட்ட அவகாசம். மாதவன் கூப்பிடவில்லை. அவன் தங்கமாரியிடம் எதையோ மளமளவென்று விளக்கிக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் உக்கிரபாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க வேண்டியதாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது, தலையில் போடத் துண்டும் இல்லை.

பின்னாலேயே தங்கமாரி ஓடிவந்தாள். ஓட்டம் அவளுக்குப் பழக்கம், மூச்சு வாங்கவில்லை.

"அண்ணாச்சி, அவரு சொல்றத நான் வெவரமாக் கேட்டுட்டேன். அந்த நாட்டுல வெளியூர் ஆளுக்குப் பதினஞ்சாயிரம் டாலர் வரைக்கும் வரி கெடையாதாம். அதுக்கு மேல ஒத்த டாலர் போனாலும் மொத்தத் தொகைக்கும் நூத்துக்கு முப்பது புடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாகளாம்."

"இத அவன் எப்பச் சொன்னான்?"

"இப்பத்தான்."

"நான் செருப்ப மாட்டுன பெறகுதான? பாத்தியா? பயந்துட்டான். பயத்துல வாரதெல்லாம் பொய்யித்தா."

"பொய்யில்ல அண்ணாச்சி. பதினஞ்சோட நிறுத்திக்கிடலாம். எங்கப்பாவுக்கு ஆடு வாங்கணும்."

"ஆடு நான் பேசி வாங்கித் தாரேன். நீ ரிங்குல சண்ட போடு, நான் வெளிய போடுறேன். ஒன் வேலையில நான் தலையிடுதேனா?"

அதற்குள் சீனிச்சாமியும் வந்து சேர்ந்துவிட்டார். மகள் முகத்தையும் அண்ணாச்சி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாச்சி சொன்னாச் சரியா இருக்கும்த்தா" என்றார். காலம் பூராவும் அவரிடம் தோற்றே பழகிய மனிதர். அண்ணாச்சியும் தோற்பார் என்று நினைக்கவே சீனிச்சாமிக்கு வரவில்லை. தங்கமாரி வாயைத் திறந்தாள். அப்பா காலில் வீக்கத்தையும், அவர் கண்ணில் இருந்த நம்பிக்கையையும் பார்த்தாள். மூடிக்கொண்டாள். எவ்வளவு பெரிய எதிராளியையும் மூஞ்சிக்கு நேராகப் பார்த்து அடிக்கிறவளுக்கு, அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

மூவரும் திரும்பி வந்தார்கள். உக்கிரபாண்டியும் மனதுக்குள் கொஞ்சம் இறங்கித்தான் வந்திருந்தார். இருபது கேட்கலாம் என்று நினைத்திருந்தவர், பெருந்தன்மையோடு அதைக் கைவிட்டார்.

"சரி தம்பி. ஒங்களுக்கும் வேணாம், எங்களுக்கும் வேணாம். பதினஞ்சாயிரத்து ஒண்ணு."

"ஒண்ணுன்னா? ஒரு டாலரா?"

"ஒரு டாலருதான். முட்டையில முடிக்கிறது எங்க பக்கம் ஆகாது."

மாதவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "சார், அந்த ஒரு டாலரை என் பாக்கெட்லருந்து தர்றேன். காகிதத்துல வேண்டாம்."

பாருங்கள், எவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்கலாம்! ஆனால் ஒருவன் தன் பையிலிருந்து தருகிறேன் என்கிறான் என்றால், காகிதத்தில் அது எவ்வளவு பெறுமானமுள்ளதாக இருக்க வேண்டும்? உக்கிரபாண்டி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "காயிதத்துலதான் வேணும்" என்றார்.

மாதவன் வெளிநாட்டுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டுச் சிரித்தது இங்கே வரை கேட்டது. சரி என்று உடனே சொல்லிவிட்டார்கள். கேட்டதும் கொடுத்தால் மாட்டில் கெட்ட சுழி இருக்கிறது என்று அர்த்தம் என்பது சந்தையில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அந்தப் பாடம் மட்டும் உக்கிரபாண்டிக்கு மறந்துபோனது. தங்கமாரி கையெழுத்துப் போட்டாள். மாதவன் காரில் ஏறும்போது, "நான் சொல்லிட்டேன்ம்மா" என்று அவளிடம் மட்டும் சொன்னான். துண்டு அவன் தோளிலேயே போய்விட்டது.

அப்புறம் ஒரு மாதத்துக்குப் பாலவனத்தத்தில் யாரும் நிம்மதியாக டீ குடிக்கவில்லை. "வெள்ளக்காரன் சிரிச்சுக்கிட்டே குடுத்தான்னாப் பாத்துக்கோயேன்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். சண்டையை டீக்கடையில் ஒரு பையன் போனில் போட்டுக் காட்டினான். தங்கமாரி முதல் மூன்று சுற்றில் வாங்கினாள், புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது; நாலாவது சுற்றிலிருந்து திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள்; கடைசியில் நடுவர் அவள் கையைத்தான் தூக்கினார். கடை முழுக்கக் கத்தியது. உக்கிரபாண்டி மட்டும் அமைதியாக, "நான் பேசிவிட்ட தெம்பு" என்றார். அவள் அடி வாங்கியபோது அந்தத் தெம்பு எங்கே போயிருந்தது என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

காசு வந்து சேர்ந்தது. மொத்தத்திலும் நூற்றுக்கு முப்பது பிடித்துக்கொண்டுதான் வந்தது. தங்கமாரி அருப்புக்கோட்டையில் ஆடிட்டர் சுகப்பிரியாவிடம் போய், அங்கே கட்டியதை இங்கே கழிக்க வழி உண்டா என்று கேட்டாள். "இங்க உனக்கு வரி வந்தாத்தானே அதுல கழிக்கலாம்? செலவெல்லாம் போக இங்க வரியே வரலையேம்மா" என்றார் ஆடிட்டர். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். கோச்சுக்குக் கொடுத்தாள், லோனை அடைத்தாள், மற்றக் கடனைத் தீர்த்தாள். மிச்சத்தில் இரண்டு ஆடு வாங்கினாள்.

இதொன்றும் தெரியாத உக்கிரபாண்டி, வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக நரிக்குடிக்குப் பஸ் ஏறினார். கமிஷன் வாங்க அல்ல. 'அண்ணாச்சி பேசினதாலே' என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு அதுதான் கூலி.

வீட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய முள்வேலி வட்டம். நாற்பது ஆட்டுக்குக் கட்டிய இடம். நடுவில் இரண்டு ஆடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சீனிச்சாமி காக்கிச் சட்டையோடு மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணாச்சி" என்றார். வேலிப் படலை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

தங்கமாரி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்தாள். புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. வெற்றிலை மேல் சில்லறையாக அந்நிய நாட்டு நாணயங்கள்.

"என்னத்தா இது?"

"நீங்க பேசி வாங்குனது அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் சேரணும்."

உக்கிரபாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. ஆஹா, பிள்ளை என்றால் இதல்லவா பிள்ளை! நாணயங்களை எடுத்து, வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பழக்கம் விடுமா?

"இதுல எழுவது காசுதான இருக்கு?"

"ஆமா."

"ஒரு டாலருன்னா நூறு காசுல்ல?"

"ஆமா."

"முழுசா ஒரு டாலருல்ல நான் பேசுனேன். மிச்சம் முப்பது காசு எங்க?"

தங்கமாரி தட்டைக் கீழே இறக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அதத்தான் அண்ணாச்சி நானும் கேக்கேன்."

பட்டிக்குள் ஓர் ஆடு தும்மியது. உக்கிரபாண்டி திரும்பி அந்த வட்டத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். திறந்தார். மூட மறந்துவிட்டார். செருப்பை மாட்டும்போது இரண்டு காலையும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாரும் கூப்பிடவில்லை.

தங்கமாரிக்கு அடுத்த சண்டை வந்திருக்கிறது. இந்தத் தடவை மாதவனிடம் அவளே போனில் பேசினாள். "எல்லாம் போக எங்கையில எவ்வளவு வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி. பேச்சு அதோடு முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிகிற பேச்சு ஒரு பேச்சா என்று உக்கிரபாண்டி கேட்டிருப்பார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அன்று திரும்பிப் போன பஸ்ஸில் கண்டக்டர் சொன்ன காசைச் சொன்னபடியே கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நீர்த்துப்போன மாதிரி இருந்தார், பார்க்கவே பாவமாக இருந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, ஒரு அம்மா கொய்யாப்பழக்காரியிடம், "கிலோ என்ன விலை?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவ்வளவுதான். துண்டு உதறுகிற சத்தம் கேட்டது. "நீங்க சும்மா இருங்கத்தா, நான் பேசுறேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்டால் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அந்த மாதவன்கிட்ட இப்படியா பேசுறது? அந்த இடத்துல நான் மட்டும் இருந்திருந்தா..." என்று உங்கள் மனதில் எங்கேயாவது ஓடியதா? ஓடியதென்றால், கொஞ்சம் குனிந்து காலைப் பாருங்கள். வலது கால் செருப்புக்குள் போய்விட்டது.